களத்தில் தெளித்த தண்ணீர்

போன மாதம் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாசலில் ஓர் இளைஞர் என்னை நிறுத்திப் பேசினார். பொறியியல் படித்தவர். சென்னையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அப்பா நடத்திவந்த கடலை உடைப்பு மில்லை எடுத்து நடத்த ஊருக்கே திரும்பிவிட்டார். “ஐயா, வியட்நாமுக்கு மல்லாட்டை அனுப்பலாம்னு இருக்கேன். அங்க சந்தை வேகமா வளருதாம். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டுக் கைபேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு ஏறிக்கொண்டே போனது.

“அங்கே யாரைத் தெரியும்?” என்றேன். வாட்ஸ்அப்பில் ஒரு தரகர் பேசிக்கொண்டிருக்கிறாராம். நேரில் பார்த்ததில்லை. “நம்ம கொட்டையை வாங்கி அவங்க என்ன செய்யறாங்க? வறுக்கறாங்களா, எண்ணெய் ஆட்டறாங்களா, மிட்டாய் போடறாங்களா?” அது அவருக்குத் தெரியவில்லை. அந்த வரைபடத்திலும் அது இல்லை.

எள்ளும் கொள்ளும் நெல்லும் கடலையும் விளைகிற இந்த வட்டாரத்திலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஆசையோடு இப்போது நிறையப் பேர் கிளம்புகிறார்கள். மகிழ்ச்சியாக இருக்கிறது; பயமாகவும் இருக்கிறது. வளர்கிற சந்தை என்று எல்லோரும் சொல்வது ஓர் எண்ணைத்தான். எண் யாரிடமும் சரக்கு வாங்காது. வாங்குகிறவர் ஓர் ஆள். அவருக்கென்று ஒரு தேவை, ஒரு ருசி, ஒரு பயம், ஒரு கணக்கு உண்டு. அந்த ஆளைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்துக் கிளம்பியவர்களின் கதை செஞ்சிச் சீமைக்குப் புதிதல்ல. நாம் உரித்துத் தின்கிற மல்லாட்டையிலேயே அது இருக்கிறது.

தமிழ்நாட்டின் மற்ற பக்கங்களில் வேர்க்கடலை, நிலக்கடலை என்பார்கள். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை மருவி மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையானது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிருக்கு பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைச் சூட்டி, அதையும் நாக்குக்கு ஏற்றபடி தேய்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம். கடல் வாணிகம் இந்த மேட்டு நிலத்தின் பேச்சுக்குள் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது.

இந்தப் பயிர் இங்கே பெரும்பயிராக மாறியதற்குக் காரணம் நம் வயிறு அல்ல. பிரான்ஸின் தெற்குக் கரையில் இருக்கும் மார்செய் நகரத்தின் சோப்பு ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அந்த ஆலைகளுக்கு எண்ணெய் வித்து எவ்வளவு கிடைத்தாலும் போதவில்லை. பிரெஞ்சுக்காரர் கையில் புதுச்சேரித் துறைமுகம் இருந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் தென்னார்க்காட்டின் செம்மண் மேடு இருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது; 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. கம்பும் வரகும் விளைந்த கொல்லைகளில் மல்லாட்டை ஏறியது. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்தப் பயிருக்குப் பேர்போன மாவட்டம் தென்னார்க்காடு. வேகமாக வளர்கிற வெளிநாட்டுச் சந்தை என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது அப்போது நம் வாசலுக்கே வந்திருந்தது.

ஆனால் மார்செய் வாங்குபவர்கள் நம் சரக்குக்கு நல்ல விலை தரவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து போன கடலை ஓட்டோடு போனது. உள்ளே பருப்பு கெடாமல் இருந்தது. அதை ஆட்டிச் சமையல் எண்ணெயாக விற்றார்கள். நம் பக்கத்துப் பருப்பு பெரும்பாலும் சோப்புக்குத்தான் போனது. காரணத்தை அக்கால வேளாண் அதிகாரிகளும் வணிகர்களும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். ஓட்டோடு ஏற்றினால் கப்பலில் இடம் அடைக்கும், கூலி ஏறும் என்று இங்கே உடைத்துப் பருப்பாக அனுப்பினார்கள். உடைக்கக் கருவி கிடையாது. காய்ந்த காயை அப்படியே அடித்தால் பருப்பு இரண்டாகப் பிளந்துபோகும். அதனால் களத்தில் காயைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, ஓடு நமத்த பிறகு கழியால் அடித்தார்கள். ஈரம் பருப்பில் ஏறியது. அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டி, வெக்கையான கப்பல் அடித்தளத்தில் வாரக்கணக்கில் கிடந்த பருப்பு மார்செய் போய்ச் சேரும்போது பூஞ்சணம் பிடித்துச் சிக்கு நாற்றம் அடித்தது.

தண்ணீர் தெளித்தவர் மேல் குற்றமில்லை. உடையாத பருப்புக்கு உள்ளூர் மண்டியில் விலை கிடைத்தது. ஈரப் பருப்பு எடையும் கொஞ்சம் கூடுதலாக நின்றது. கடலுக்கு அப்பால் அந்தப் பருப்பை ஒருவர் மோந்து பார்த்து முகத்தைச் சுளிக்கிறார் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. விவசாயிக்கும் மார்செய் ஆலைக்கும் நடுவில் மண்டிக்காரர், தரகர், புதுச்சேரி வணிக நிறுவனம், கப்பல் நிறுவனம் என்று நாலைந்து கை. ஒவ்வொரு கையும் விலையைக் குறைத்துக் கொடுத்தது. குறைத்த காரணத்தை ஒரு கையும் திருப்பிச் சொல்லவில்லை. ஏற்றுமதித் தொழிலின் பெருநோய் இதுதான் என்று நான் நினைக்கிறேன். சரக்கு போகிற பாதையில் சேதி திரும்பி வருவதில்லை.

1890களில் ஒரே விதையைத் திரும்பத் திரும்பப் போட்டதில் விளைச்சலும் சரிந்தது. வெளியிலிருந்து, மொரீஷியஸ் என்ற பெயரில் புது விதை வந்த பிறகுதான் பயிர் மறுபடி நிமிர்ந்தது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் பாலூரில் 1905இல் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. பின்னாளில் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே பிறந்த டி.எம்.வி. ரகங்களின் பெயரில் இருப்பது திண்டிவனம்தான். இந்தியா முழுக்க உழவர்கள் அறிந்த பெயர் அது.

பிறகு 1914 ஆகஸ்ட். ஐரோப்பாவில் போர் மூண்டது. கப்பல்கள் போர் வேலைக்குப் போயின. மார்செய் வாங்குவதை நிறுத்தியது. கொல்லையில் பயிர் காய் பிடித்து நிற்கும்போது வாங்க ஆளில்லாமல் விலை விழுந்தது. ஒரே ஊரின் ஆலைகளை நம்பி ஒரு மாவட்டமே ஒரு பயிரைப் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆண்டு தென்னார்க்காடு கண்டது. அதையே 2025 ஆகஸ்ட் 27 அன்று தமிழ்நாடு இன்னொரு தடவை கண்டது. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50% வரி போட்ட நாள் அது. அமெரிக்காவை மட்டும் நம்பித் தைத்த திருப்பூர் நிறுவனங்கள் அன்று எப்படித் தவித்தன என்று நாம் எல்லோரும் செய்திகளில் பார்த்தோம்.

இளைஞரின் வியட்நாமுக்கு வருவோம். 2015இல் வியட்நாம் இந்திய வேர்க்கடலை வருவதைத் தற்காலிகமாக நிறுத்தியது. காரணம் சரக்கில் உயிரோடு வண்டு. 2025 செப்டம்பரில் இந்தோனேசியா நிறுத்தியது. நம் கடலையை உலகிலேயே அதிகம் வாங்கிவந்த நாடு அது. காரணம் அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் கடலையில் விடுகிற நஞ்சு அது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மர்மமாகச் செத்தன. அவை தின்ற தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு வெளியே தெரிந்தது. ஈரலைத் தாக்கும், புற்றுநோய் உண்டாக்கும். ஆகவே வெளிநாட்டுக்காரர் நம்மை மட்டம் தட்டத்தான் விதி போடுகிறார் என்ற புலம்பல் உதவாது. நேரடியாகச் சாப்பிடும் கடலையில் இந்த நஞ்சு நூறு கோடிப் பங்கில் 4 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு 20 அடி கன்டெய்னரில் ஏறக்குறைய 19 டன் பருப்பு போகும். அதில் மொத்தம் 76 மில்லிகிராம் நஞ்சு வரை பொறுப்பார்கள். ஒரே ஒரு பருப்பின் எடையில் கால்வாசிகூட இல்லை அது.

அந்த நஞ்சுக்கு வேண்டியது ஈரம். பருப்பில் ஈரம் 7% அளவுக்கு இறங்கிவிட்டால் பூஞ்சணம் வளராது. ஆனால் இன்றும் பல உடைப்பு மில்களில் எந்திரத்தில் போடுவதற்கு முன் காய்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். பருப்பு பிளக்காமல் வரவேண்டும் என்பதற்காகத்தான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் களத்தில் கழியோடு நின்றவர் செய்த அதே காரியம், அதே காரணம். கழி போய் மோட்டார் வந்திருக்கிறது; தண்ணீர்க் குடம் அங்கேயே இருக்கிறது.

அந்த இளைஞரிடம் நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, “உங்க மில்லில் தண்ணி தெளிக்கறீங்களா?” என்பதுதான். அடுத்த முறை பார்த்தபோது கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தெளிக்கறோம் ஐயா” என்றார். உண்மை சொன்னவருக்கு யோசனை சொல்லலாம்.

வெளிநாட்டு வாணிகம் என்றால் என்ன என்பதை இந்த ஊர்க் கோட்டையிலிருந்தும் கற்கலாம். மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து, 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் செஞ்சி இடம்பிடித்த பிறகு பயணிகள் ராஜகிரியையும் கல்யாண மகாலையும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அடிவாரத்து நெற்களஞ்சியத்துக்குள் நுழைகிறவர்கள் குறைவு. தடித்த சுவர்களுக்குள் நெல்லை ஈரம் படாமல் காப்பது எப்படி என்பதை அறிந்த ஊர் இது. முகலாயப் படை 1690 முதல் முற்றுகையிட்டு நின்றபோதும் 1698இல் விழும்வரை தாக்குப்பிடித்தது.

17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்த ஐரோப்பிய வணிக நிறுவனங்களுக்கு நாம்தான் வேகமாக வளர்கிற வெளிநாட்டுச் சந்தை. அவர்கள் பின்னாளில் செய்த கொள்ளையை மறக்கச் சொல்லவில்லை. வணிகராக வந்த காலத்தில் அவர்கள் எப்படி நுழைந்தார்கள் என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன். 1602இல் தொடங்கிய டச்சு நிறுவனத்துக்கு வேண்டியது துணியே அல்ல. மலுக்குத் தீவுகளின் கிராம்பும் ஜாதிக்காயும்தான். ஆனால் அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளிக் காசைவிடச் சோழமண்டலத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். கேட்டதைப் புரிந்துகொண்டு டச்சுக்காரர் இங்கே வந்தார்கள். 1608இல் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் கால் வைத்தார்கள். சுமத்ராவுக்கு ஒரு மாதிரி, ஜாவாவுக்கு ஒரு மாதிரி, சயாமுக்கு ஒரு மாதிரி என்று ஒவ்வோர் ஊர்க்காரரின் கண்ணுக்கும் ஏற்ற வண்ணத்தில், நீளத்தில் துணி கேட்டு வாங்கினார்கள். நம் நெசவாளருக்கும் வணிகருக்கும் அந்த வித்தை அவர்களுக்கு முன்பே தெரியும். இங்கே நெய்த கட்டம்போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவில் கலாபரி மக்களிடம் ‘இஞ்சிரி’ என்ற பெயரில் பிறப்புக்கும் இறப்புக்கும் வேண்டிய மரியாதைத் துணியாகவே ஆகிவிட்டது. நம்மிடம் மிஞ்சியதை அங்கே தள்ளிவிடலாம் என்று புறப்பட்டவர்களால் அப்படி ஓர் இடத்தைப் பிடித்திருக்க முடியாது.

டச்சுக்காரர் தனியாகவும் வரவில்லை. ஆஸ்தப்பச் செட்டி என்கிற மலையா, அவர் தம்பி சின்னண்ணச் செட்டி போன்ற பெருவணிகர்களைப் பற்றிக்கொண்டு வந்தார்கள். நாயக்கர் அவையில் பேசவும், நெசவாளருக்கு முன்பணம் கொடுக்கவும், சண்டை வந்தால் சமாதானம் செய்யவும் அவர்கள் வேண்டியிருந்தது. நூறு ஆண்டுக்குப் பிறகு புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷாக இருந்து அந்த வேலையைச் செய்தார். இரண்டு மொழி பேசுகிறவர் என்பதுதான் துபாஷ் என்ற சொல்லுக்கே பொருள். 1736இல் தொடங்கி அவர் எழுதிய நாட்குறிப்பைப் படித்தால், ஆளுநர் மாளிகைக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் நிற்கிற ஒரு மனிதருக்கு எவ்வளவு தெரியும் என்பது புரியும். எந்த ஊருக்குப் போனாலும் அப்படி ஒருவர் உங்களுக்கு வேண்டும். வாட்ஸ்அப் தரகர் அந்த ஆள் அல்ல. உங்களுக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர், எந்தப் பக்கத்துச் சேதியையும் முழுசாகச் சொல்ல மாட்டார். அந்த ஊரில் பெயரும் கடையும் குடும்பமும் உள்ளவராக, உங்கள் சரக்கு கெட்டால் தன் பெயரும் கெடும் என்று அஞ்சுகிறவராகப் பாருங்கள்.

ஆட்சியாளர் கொடுக்கும் காகிதத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் செஞ்சியே சாட்சி. 1689 இறுதியில் மராட்டிய அரசர் ராஜாராம் தப்பி வந்து இந்தக் கோட்டையில் அமர்ந்தார். முகலாயப் படை சூழ்ந்துகொண்டது. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் நல்ல பீரங்கியாகத் தேடி அனுப்பிச் சுட்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயர் இன்றும் கடலூரில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லை எது என்பதை எழுதிக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டால் எதிராளி தன்னிடமுள்ள பெரிய பீரங்கியைத்தான் கொண்டுவருவார். உங்கள் முகவர் ஒப்பந்தத்தில் ‘அந்த நாடு முழுவதும் ஏகபோக உரிமை’ என்று ஒரு வரி இருந்தால், எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு விற்றால், எந்தச் சரக்குக்கு என்பதையும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதே ராஜாராமிடம் பணம் கொடுத்துப் புதுச்சேரியின் உரிமையை வாங்கிக்கொண்டு 1693இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். அங்கே இருபது ஆண்டாக பிரெஞ்சு நிறுவனத்தின் பிரான்சுவா மார்த்தேன் உட்கார்ந்திருந்தார். பிஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடியிடம் இடம் பெற்று வந்தவர். 1677இல் சிவாஜி படையோடு வந்து செஞ்சியைப் பிடித்தபோது இடம் கொடுத்தவர் தோற்றார். மார்த்தேன் ஓடவில்லை. சிவாஜியிடம் ஆள் அனுப்பினார். நாங்கள் வணிகம் செய்ய வந்தவர்கள், யார் சண்டையிலும் சேர மாட்டோம் என்று சொல்லி, தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டார். 1693இல் தோற்றுப் போனார். ஐரோப்பாவில் சமாதான ஒப்பந்தம் ஆனதும் 1699இல் ஊர் திரும்பக் கிடைத்தது. மறுபடி வந்து கட்டினார். 1706இல் சாகும்வரை புதுச்சேரியில்தான் இருந்தார். மூன்று ஆட்சிகளைப் பார்த்த அந்த மனிதரிடம் நான் மெச்சுவது இதைத்தான்: அவர் அங்கேயே இருந்தார், பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார்.

நம் நகரத்தார் இந்த வித்தையில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் பணத்தை மட்டும் அனுப்பவில்லை, ஆளை அனுப்பினார்கள். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாக உயர்ந்து, பிறகு மேலாளாக ஆகிறவர் அந்த ஊர் மொழி, அந்த ஊர் விளைச்சல், அந்த ஊர் மனிதர் எல்லாம் அறிந்தவராக இருப்பார். மூன்று ஆண்டு ஒரு கணக்கு. ஆனால் அவர்களுடைய கதையின் மறுபாதியும் சொல்லப்பட வேண்டியதே. 1930களின் விலைச்சரிவில் கடன் திரும்பாமல் நிலங்கள் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6% நிலம் அவர்கள் பெயரில் இருந்தது; 1938இல் அது 25% ஆனது. கடன் கொடுக்கப் போனவர்கள் விரும்பாமலே நிலக்கிழார் ஆனார்கள். பர்மிய உழவர்களின் கோபம் அவர்கள்மேல் திரும்பியது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோதும் 1960களில் தேசியமயமாக்கலின்போதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார்கள். வருந்தாமல் எழுத முடியாத கதை. போகிற ஊரில் உங்கள் லாபம் அந்த ஊர்க்காரருக்கும் லாபமாகத் தெரிய வேண்டும். அங்கேயே ஒருவரைப் பங்காளியாக, வேலையாளாக, விற்பனையாளராகச் சேர்த்துக்கொள்வது தர்மம் மட்டுமல்ல, காப்பீடும்கூட.

பணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏற்றுமதி செய்ய ஐ.இ.சி. எண் வாங்க 500 ரூபாய்தான். இணையத்திலேயே முடிந்துவிடும். மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபெடாவில் பதிவு, தாவர நலச் சான்று எல்லாம் முறைப்படி கேட்டால் கிடைப்பவை. இவற்றைக் கண்டு மலைக்க வேண்டாம். மலைக்க வேண்டியது கடனுக்குச் சரக்கு அனுப்புவதைக் கண்டு. பருப்பு கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கன்டெய்னர் 19 லட்சம். முதல் கன்டெய்னர் போய்ப் பணம் வராவிட்டால் இரண்டாவது கன்டெய்னர் இருக்காது. பல நேரங்களில் மில்லும் இருக்காது. ‘சரக்கு வந்ததும் அறுபது நாளில் தருகிறேன்’ என்கிற அறிமுகமில்லாத வாங்குபவரிடம், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், முடியாது என்று சொல்லுங்கள். வங்கியின் பண உறுதிக் கடிதமான எல்.சி. திறக்கச் சொல்லுங்கள். பழகிய பிறகு கடன் கொடுத்தால் இ.சி.ஜி.சி. காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். 1957இலிருந்து இதற்கென்றே மத்திய அரசு நடத்தும் நிறுவனம் அது. நம் சிறு ஏற்றுமதியாளர்களில் பலர் அதன் வாசலையே மிதித்ததில்லை.

எல்.சி. கையில் இருந்தால் கவலையில்லை என்று நினைத்து நானே ஏமாந்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரோடு சேர்ந்து சிங்கப்பூருக்குப் புளி அனுப்பினேன். நல்ல புளி, கொட்டை நீக்கியது. கப்பலில் இடம் கிடைக்கத் தாமதமாகி, எல்.சி.யில் குறித்த தேதிக்கு இரண்டு நாள் கழித்து ஏறியது. இரண்டு நாள்தானே என்று விட்டுவிட்டோம். அங்கிருந்த வங்கி பணம் தர மறுத்தது. வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கும். காகிதத்தில் தேதி தவறினால் அதற்குமேல் பேச்சில்லை. துறைமுகத்தில் நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்க, வாங்கியவர் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சொன்னார். குறைத்தோம். நண்பர் அதன் பிறகு ஏற்றுமதிப் பேச்சையே எடுக்கவில்லை. ஏற்றுவதற்கு முன்பே ஒரு தந்தி கொடுத்து எல்.சி.யின் தேதியைத் திருத்தக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, வாங்கியவரிடம் அந்த அளவுக்குப் பழக்கமும் இல்லை.

அந்த இளைஞருக்கு நான் கடைசியாகச் சொன்ன யோசனைகளை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வியட்நாமுக்குப் போங்கள், சரக்கோடு அல்ல, ஐந்து கிலோ மாதிரியோடு. பத்து நாள் தங்குங்கள். ஹோ சி மின் நகரத்தின் மொத்தச் சந்தையில் கடலை எந்தச் சாக்கில், எந்த அளவில் விற்கிறது, செனகல் கொட்டை வருகிறதா, யார் வாங்குகிறார், வறுக்கிறவருக்குத் தோல் உரிய வேண்டுமா, ஒட்டியிருக்க வேண்டுமா என்று பாருங்கள். மூன்று பேரையாவது அவர்கள் கடையில் போய்ப் பார்த்துப் பேசுங்கள். முதல் ஆண்டு ஒரே கன்டெய்னர். அதையும் ஒரே நாட்டுக்கு என்று பழக்கிக்கொள்ளாதீர்கள். இரண்டாம் ஆண்டுக்குள் இன்னொரு நாட்டைத் தேடுங்கள். ஆடிப் பட்டத்துக் காயை வெளிநாட்டுக்கு எடுக்காதீர்கள். அது ஐப்பசி அடைமழையில் பறிக்கப்படுவது, சரியாகக் காயாது. மார்கழிப் பட்டத்துக் காய் பங்குனி வெயிலில் காய்வது. அதை எடுங்கள். தார்ப்பாய் விரித்துக் காய வையுங்கள். மண் தரையில் வேண்டாம். மில்லுக்கு ஓர் ஈரமானி வாங்குங்கள். தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள். பருப்பு கொஞ்சம் பிளக்கும். பிளந்த பருப்பை எண்ணெய்க்கு விற்றுக்கொள்ளலாம். உருளைக்கும் சல்லடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் காய்க்கு ஏற்றபடி மாற்றினால் பிளப்பதும் குறையும். உங்களுக்குக் காய் கொடுக்கிற விவசாயிகளுக்கு, ஏன் இந்தக் கெடுபிடி என்பதை விளக்கி, உலர்ந்த காய்க்கு மூட்டைக்கு இவ்வளவு கூடுதல் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்குத் திரும்பி வரவேண்டிய சேதி இந்த முறையாவது திரும்பி வரட்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். இதைத் தனி ஒருவர் முழுக்கச் செய்ய முடியாது. மூட்டை கட்டும் முன்பே சரக்கில் நஞ்சு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். துறைமுகத்தில் தெரிந்து பயனில்லை. இந்த வட்டாரத்துக் காய் வந்து குவிகிற செஞ்சி, திண்டிவனம் விற்பனைக்கூடங்களில் ஈரமும் அஃப்ளாடாக்சினும் பார்க்கிற பரிசோதனைக்கூடமும், காய வைக்கச் சிமென்ட் களமும், மழைக்கு ஓர் உலர்த்தியும் வேண்டும். மார்கழிப் பட்டத்துக்கு இப்போது கொல்லைகளில் உழவு நடக்கிறது. பங்குனியில் காய் வந்துவிடும். அதற்குள் ஒரு பரிசோதனைக்கூடமாவது செஞ்சிக்கு வந்தாக வேண்டும்.